பழைய கணிப்பொறியும் புதிய விளையாட்டும்

விளையாட்டில் விருப்பம் கொள்ளுதல் இளமைக்கு இயல்பு. பந்தும் மட்டையும் ஏந்தி மைதானத்தில் ஆடும் ஆட்டம் சிறந்ததோ, திரையின்முன் அமர்ந்து ஆடும் ஆட்டம் சிறந்ததோ என்னும் வழக்கை நாம் இங்கே தீர்க்கப் புகவில்லை. பகலெல்லாம் பாடங்களில் உழன்ற மாணவன் மாலையில் ஒரு மணி நேரம் கணிப்பொறியில் விளையாட விரும்புகிறான். அவன் வீட்டிலுள்ள யந்திரமோ பத்தாண்டு கடந்தது. விளையாட்டைத் தொடங்கினால் காட்சிகள் தட்டுத்தடுமாறி நகர்கின்றன. சிற்சில சமயம் நின்றும் விடுகின்றன. அப்பொழுது அவனுக்கு இருவகை யோசனைகள் வந்து சேரும். "இது பழஞ்சாமான், எறிந்துவிட்டுப் புதிது வாங்கு" என்பார் ஒரு சாரார். "கொஞ்சம் ராம் போட்டால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்பார் மற்றொரு சாரார். இருதிறத்தாரும் பெரும்பாலும் யந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தவரல்லர். நோயறியாமல் மருந்து சொல்லும் இவர்தம் சொற்கேட்டுப் பணமிழந்தோர் பலர். அப்பணமோ தந்தையார் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாகவோ, மாணவன் தானே டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்ததாகவோ இருக்கும். ஆதலின், பழைய கணிப்பொறியின் உறுப்புக்கள் விளையாட்டின்போது என்ன தொழில் செய்கின்றன, அவற்றுள் குறைபாடுடையது எதுவென அறிவதெங்ஙனம், சிறுதொகையை எவ்வரிசையில் செலவிடல் வேண்டும், எங்கே நிறுத்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

பொதுப்படப் பேசுவதாற் பயன் சிறிதே. ஆகவே உதாரணமாக ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் கணிப்பொறிகளை மொத்தமாக மாற்றிவிடுவது வழக்கம். கழிக்கப்பட்டவை பழைய சாமான் விற்போர் வழியாக வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. அவ்வாறு உலகெங்கும் பரவியவற்றுள் டெல் நிறுவனத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆப்டிபிளெக்ஸ் 9020 என்பது ஒன்று. அதனுள் இன்டெல் நிறுவனத்தாரின் நான்காந் தலைமுறைப் பிராசசராகிய கோர் ஐ5-4570 இருப்பதாகக் கொள்வோம். அதற்கு நான்கு கோர்கள் உண்டு. அதன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். ராம் 4 ஜி.பி.; நிமிஷத்திற்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று; தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பிராசசருக்குள்ளேயே அடங்கிய சிறிய வரைவுப் பகுதியே படங்களை வரைகின்றது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அமைந்த இந்த யந்திரத்தை விளையாட்டிற்குப் பழக்குவதே நம் முன்னுள்ள காரியம்.

திரையில் நிகழ்வது யாது?:— சினிமாவைப் போலவே விளையாட்டும் அடுத்தடுத்துத் தோன்றும் அசையாப் படங்களின் தொடர்ச்சியேயாகும். வேறுபாடு யாதெனின், சினிமாப் படங்கள் முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டின் படங்களோ ஆடுவோன் கையசைவிற்கேற்ப அவ்வப்போதே வரையப்படுபவை. விநாடிக்கு 60 படங்கள் தோன்றினால் அசைவு வழுவழுப்பாகத் தெரியும். அங்ஙனமாயின் ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்திலொரு பங்கு கணக்கில் 16.7 மட்டுமே. அதற்குள் பிராசசரானது எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே செல்கின்றது, சுவர் இடிந்ததா என்பனவற்றையெல்லாம் கணித்து முடித்தல் வேண்டும். பின்னர் வரைவுப் பகுதி அக்கணக்கின்படி திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிறந் தீட்டல் வேண்டும். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 முறை தீட்டுவதாயின் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு மேலாகின்றது.

இதனை ஒரு கலியாணப் பந்திக்கு ஒப்பிடலாம். ஹார்டு டிஸ்க் என்பது உக்கிராண அறை. அரிசியும் பருப்பும் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ராம் என்பது சமையற்காரன் கைக்கெட்டும் மேடை. பிராசசர் சமையற்காரன். கிராபிக்ஸ் கார்டு பரிமாறுவோர் கூட்டம். இலைகளே திரையின் புள்ளிகள். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்சாரப் பெட்டி விறகு. பரிமாறுவோர் இருவரே இருந்தால், சமையற்காரன் நளனேயாயினும் பந்தி நகராது. பரிமாறுவோர் நூற்றுவர் இருந்தும் சமையற்காரன் சோம்பனாயின் அவர்கள் வெறுங்கையோடு நிற்பர். மேடை சிறிதாயின் ஒவ்வொரு பிடி அரிசிக்கும் உக்கிராணத்திற்கு ஓடவேண்டும். ஆகவே எல்லாவற்றினும் மந்தமாகிய உறுப்பே முழுப் பந்தியின் வேகத்தையும் நிர்ணயிக்கின்றது.

இவ்வுண்மையின் ஒரு பகுதியை ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்க அறிஞர் 1967-ஆம் ஆண்டில் கணித முறையாக எடுத்துக் காட்டினார். ஒரு வேலை பத்து நிமிஷம் பிடிக்கின்றது. அதில் எட்டு நிமிஷம் டிஸ்க்கிலிருந்து எடுப்பதற்கும், இரண்டு நிமிஷம் கணிப்பதற்கும் ஆகின்றதென்க. பிராசசரின் வேகத்தை இருமடங்காக்கினும் நமக்கு மிஞ்சுவது ஒரே நிமிஷம். டிஸ்க்கின் வேகத்தை நான்கு மடங்காக்கினால் ஆறு நிமிஷம் மிஞ்சும். செலவு இரண்டிற்கும் ஒன்றேயாயினும் பலன் ஒன்றாகாது. ஆதலின் வாங்குமுன் அளத்தல் வேண்டும் என்பதே முதல் விதி.

அளக்கும் முறை:— அளப்பதற்குக் காசு செலவில்லை. விண்டோஸில் டாஸ்க் மானேஜர் என்னும் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, விளையாட்டைப் பத்து நிமிஷம் ஆடிவிட்டு அதில் பதிந்துள்ள கோடுகளைப் பார்க்கலாம். வரைவுப் பகுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் உழைத்து, பிராசசர் பாதியளவே உழைத்திருந்தால் குறை வரைவுப் பகுதியினது. ராம் முழுதும் நிரம்பி டிஸ்க்கின் கோடு உச்சியில் நின்றால் குறை ராமினது. தொடங்குவதற்கு நெடுநேரமாகி, தொடங்கிய பின் தடையின்றி ஓடினால் குறை டிஸ்க்கினது. பிராசசரைப் பற்றி மாத்திரம் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். நான்கு கோர்களுள் ஒன்று மட்டும் முழுமூச்சாய் உழைத்து ஏனைய மூன்றும் வாளாவிருந்தால், மொத்தக் கணக்கில் நூற்றுக்கு 25 என்றே காட்டும். அதனைக் கண்டு பிராசசர் ஓய்வாயிருக்கின்றதென முடிவு செய்தல் பிழை. கோர்களைத் தனித்தனியே காட்டச்செய்து பார்த்தல் வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. விளையாட்டின் அமைப்புப் பக்கத்திற் சென்று திரையளவை 1280 பெருக்கல் 720 ஆகக் குறைத்துப் பாருங்கள். புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும். அஃதாவது முன்னையதிற் பாதிக்கும் குறைவு. இலைகள் குறைந்ததும் பந்தி விரைந்தால் பரிமாறுவோர் போதவில்லை என்று பொருள். இலைகள் குறைந்தும் வேகம் மாறாதிருந்தால் குற்றம் சமையற்காரனுடையது. அப்பொழுது கிராபிக்ஸ் கார்டு எத்துணை உயர்ந்ததாக வாங்கினும் பயனில்லை. இவ்வொரு சோதனையைச் செய்யாமற் போனதனால் வீணான பணம் மிகுதி.

செலவில்லாச் சிகிச்சை:— பத்தாண்டு ஓடிய யந்திரத்தின் வயிற்றில் தூசி படிந்திருத்தல் திண்ணம். பிராசசரின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கிடையே தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. நாம் எடுத்துக்கொண்ட பிராசசர் ஏறக்குறைய 100 பாகை சென்டிகிரேட் வெப்பத்தை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாடத் தொடங்கிக் கால்மணி நேரம் நன்றாயிருந்து, பின்னர் மந்தமாகும் யந்திரங்கள் பல இந்நோயினாலேயே வருந்துவன. மின்சாரத் தொடர்பைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றுக. காற்று ஊதுவதாயின் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்க. பிராசசருக்கும் தகட்டிற்கும் இடையே பூசப்பட்ட பசை உலர்ந்து போயிருக்கும்; அதனைத் துடைத்துவிட்டுப் பட்டாணியளவு புதுப்பசை வைத்தல் சிறு செலவேயாகும். இஃதன்றித் தொடக்கத்திலேயே தாமாக எழுந்து பின்னணியில் ஓடும் வேண்டாத நிரல்களையும் நிறுத்திவிடலாம்.

விளையாட்டின் அமைப்புக்களையும் அறிந்து மாற்றல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே தாழ்த்துவது அறியாமை. நிழல், நீரிற் பிரதிபலிப்பு, தூரத்துப் புல் பூண்டு ஆகியவை மிகுந்த உழைப்பைக் கேட்பன. அவற்றை முதலிற் குறைக்க. பொருள்களின் மேற்பரப்பு நயமோ பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் நினைவிடத்தையே வேண்டுவது. இடமிருந்தால் அதனைக் குறைக்க வேண்டுவதில்லை. மேலும் ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2021-ஆம் ஆண்டில் எஃப்.எஸ்.ஆர். என்னும் உபாயத்தை வெளியிட்டனர். படத்தைச் சிறிதாக வரைந்து பின் பெரிதாக்கிக் காட்டும் முறை அது. பிற நிறுவனத்தாரின் பழைய கார்டுகளிலும் அதன் முதற்பதிப்பு இயங்குவதால், ஏழைக்கு அது நல்ல துணை.

இனிச் செலவிடும் வரிசையைக் கூறுவோம்.

எஸ்.எஸ்.டி.:— நிமிஷத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்றிவர விநாடியின் ஆயிரத்திலொரு பங்காக 8.3 ஆகின்றது. வேண்டிய இடம் ஊசியின்கீழ் வருவதற்குச் சராசரி அதிற் பாதி நேரம் காத்திருத்தல் வேண்டும். ஊசி நகரும் நேரத்தையும் கூட்டினால் பத்திற்கு மேலாகும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதொன்றுமில்லை; அது ஏறக்குறைய 0.1 பங்கில் விடையளித்துவிடும். உக்கிராண அறை அடுத்த தெருவிலிருந்து அடுக்களைக்கே வந்துவிட்டது போலாம். இதனால் விநாடிக்குத் தோன்றும் படங்களின் எண்ணிக்கை பெரிதும் உயராது. ஆயினும் தொடங்கும் நேரம் குறையும். புதிய இடத்திற்குட் புகும்போது நேரும் திக்கலும் குறையும். பாடம் படிக்கும்போதும் யந்திரம் சுறுசுறுப்படையும். சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டை ஆக்கியோர் 2023-ஆம் ஆண்டில் திருத்திய குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே எஸ்.எஸ்.டி.யைச் சேர்த்துவிட்டனர். நம் யந்திரத்திற்குச் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. போதும், அது விநாடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட் வரை தரவல்லது. அதனினும் வேகமான புதுவகைகளைச் செருக இந்த மதர்போர்டில் இடமில்லை. அவற்றிற்குப் பணங்கொடுத்தல் வீண்.

இவ்விடத்து ஒரு வார்த்தை. டிஸ்க்கை மாற்றுமுன் அதிலுள்ள கட்டுரைகள், சான்றிதழ்கள், குடும்பப் புகைப்படங்கள் யாவற்றையும் வேறோரிடத்தில் நகலெடுத்து, அந்நகல்கள் திறக்கின்றனவா என்று ஒன்றிரண்டைத் திறந்தும் பார்த்தல் கடமை. விளையாட்டிற்காகச் செய்த வேலையில் பெற்றோர் படம் அழிந்துபோயின், அதனை மீட்டுத்தரும் கடை எங்குமிருக்குமென்று நம்பியிருத்தல் தகாது. பழைய ஹார்டு டிஸ்க்கை எறிய வேண்டாம். சினிமாவும் சங்கீதமும் வைத்துக்கொள்ள அது உதவும்.

ராம்:— 4 ஜி.பி. இக்காலத்திற்குப் போதாது, 8 ஜி.பி. ஒருவாறு போதும், 16 ஜி.பி. நிறைவு. நம் யந்திரத்திற்கு வேண்டுவது டி.டி.ஆர். 3 வகை, அதன் விளிம்பில் 240 தொடர்முனைகள் உண்டு. பின்வந்த டி.டி.ஆர். 4 வகைக்கு 288 முனைகள். நடுவெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. அழுத்திச் செருக முயல்வோர் மதர்போர்டையே உடைப்பர். சர்வர் யந்திரங்களினின்று கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம் மலிவாகக் கிடைக்கும். அதுவும் இங்கே இயங்காது. மற்றும் ஒரே 8 ஜி.பி. துண்டைக் காட்டிலும் இரண்டு 4 ஜி.பி. துண்டுகள் நன்மை பயக்கும். டி.டி.ஆர். 3-1600 ராமின் ஒரு வழியில் விநாடிக்கு 12.8 ஜி.பி. செல்லும், இரண்டு துண்டுகளை உரிய இணையிடங்களிற் செருகினால் 25.6 ஜி.பி. செல்லும். தனிக் கார்டு இல்லாத யந்திரத்தில் வரைவுப் பகுதியும் இதே ராமையே பங்கிட்டுக்கொள்வதால் இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரியும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதுவகை ராம்களின் விலை மிகவும் ஏறியதை நண்பர்கள் அறிவர். பழைய வகையை மறுவிலைக்கு வாங்கிப் பயன்படுத்தக் கூடிய யந்திரத்தை வைத்திருத்தல் அக்காலத்தில் ஓர் அநுகூலமேயாயிற்று.

கிராபிக்ஸ் கார்டு:— விளையாட்டின் வேகத்தை உண்மையில் உயர்த்துவது இதுவே. பணத்தின் பெரும்பகுதி இதற்கே செல்லும். ஆதலின் இங்கே நின்று நிதானித்தல் வேண்டும். முதலாவது பார்க்க வேண்டுவது மின்சாரம். மதர்போர்டிலுள்ள இடம் ஒரு கார்டிற்கு 75 வாட் வரை தருமாறு விதிக்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி வேண்டும். அலுவலக யந்திரங்களில் அக்கம்பி பெரும்பாலும் இராது. இரண்டாவது உடலளவு. நாம் கொண்ட யந்திரத்தின் கோபுர வடிவில் முழு உயரக் கார்டு பொருந்தும்; ஒடுங்கிய பெட்டி வடிவிலோ லோ புரொஃபைல் எனப்படும் அரையுயரக் கார்டே நுழையும். ஆகவே கடைக்குச் செல்லுமுன் அளவுகோல் கொண்டு அளந்து செல்க.

இவ்விரு நிபந்தனைக்கும் உட்பட்ட கார்டுகள் சிலவற்றைக் குறிப்போம். என்விடியா நிறுவனத்தாரின் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 2016-ஆம் ஆண்டில் வந்தது; 75 வாட்; நினைவிடம் 4 ஜி.பி. மறுவிலைக்கு மலிவாகக் கிடைப்பினும், அதன் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுக்களுக்கேற்ற டிரைவர் வெளியிடுவதை 2025-ஆம் ஆண்டு அக்டோபரோடு நிறுவனத்தார் நிறுத்திவிட்டனர். ஜி.டி.எக்ஸ். 1650 2019-ஆம் ஆண்டில் வந்தது. அதுவும் 75 வாட், 4 ஜி.பி.; முன்னையதினும் வலிது. தனிக் கம்பி வேண்டும் பதிப்புக்களும் அதில் உண்டாகையால், பார்த்து வாங்குக. 2024-ஆம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜி.பி. பதிப்பு 70 வாட்டிலேயே இவற்றினும் மேலான வேலை செய்வது. விலையும் அதற்கேற்ப மிகுதி. ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஆர்.எக்ஸ். 6400 (2022) 53 வாட்டே வேண்டுவது. ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. மற்ற கார்டுகள் எட்டு அல்லது பதினாறு வழிகளில் மதர்போர்டோடு பேசும்; இதுவோ நான்கே வழிகளுடையது. புதிய மதர்போர்டில் அவ்வழிகள் அகலமானவை. நம் பழைய மதர்போர்டில் அவை பாதி அகலமே. நான்கு வாசலில் பாதி அடைபட்ட மண்டபம் போல அது சில விளையாட்டுக்களில் இடர்ப்படும். வாட் குறைவென்பதொன்றையே கண்டு வாங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

மறுவிலைச் சந்தையில் இரண்டு ஆபத்துக்கள் உண்டு. ஒன்று போலி. மிகப் பழைய கார்டின் உள்நிரலை மாற்றி எழுதி, 1050 டி.ஐ. என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்படி செய்து விற்பார் சிலர். ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச நிரல் இத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். மற்றொன்று ஓய்வின்றி உழைத்த கார்டு. எத்தீரியம் என்னும் மின்னாணயத்தைக் கணித்தெடுக்கும் தொழில் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிவுற்றது. அதுவரை இரவுபகலாய் ஓடிய கார்டுகள் திரளாகச் சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவையென்று சொல்லுதல் நியாயமன்று. விசிறி தேய்ந்திருக்கலாம், பசை உலர்ந்திருக்கலாம். பணம் கொடுக்குமுன் அரைமணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டும்படி கேட்க. காட்ட மறுப்பவனிடம் வாங்காதிருத்தலே இலாபம்.

எஸ்.எம்.பி.எஸ்.:— யானை வாங்கிவிட்டு அங்குசத்திற்குப் பேரம் பேசுவார் போல, கார்டிற்கு ஆயிரக்கணக்காகக் கொடுத்துவிட்டு மின்சாரப் பெட்டியில் மிச்சம் பிடிப்போர் பலர். நம் யந்திரத்தின் கோபுர வடிவில் 290 வாட் பெட்டி உள்ளது. பிராசசருக்கு 84 வாட், கார்டிற்கு 75, மற்றவற்றிற்கு 40 எனக் கொண்டால் 200 வாட்டை ஒட்டி நிற்கும். ஆகவே மேற்கூறிய கார்டுகளை அது தாங்கும். பெரிய கார்டு வேண்டுமாயின் பெட்டியையும் மாற்ற வேண்டும். ஆனால் இந்த யந்திரத்தின் முக்கிய மின்கம்பி எட்டு முனைகளையே உடையது. கடையில் விற்கும் பொதுவகைப் பெட்டிக்கு 24 முனைகள். இடையே இணைக்கும் கம்பி தனியே வாங்க நேரும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வாட்டை மட்டும் நம்பாமல், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க. வோல்ட்டை ஆம்பியராற் பெருக்க வருவதே வாட். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் தருவது 240 வாட்டிற்கு மேல் கார்டிற்கும் பிராசசருக்கும் தரவியலாது.

டிஸ்க்கிற்குச் செல்லும் சாட்டா மின்கம்பியைக் கார்டின் ஆறுமுனைக் கம்பியாக மாற்றித் தரும் சிறு இணைப்பு ஒன்று கடைகளில் மலிவாக விற்கப்படுகின்றது. அது மிகவும் அபாயகரமானது. சாட்டா முனையின் 12 வோல்ட் பகுதி தாங்கவல்லது 4.5 ஆம்பியர், அஃதாவது 54 வாட். ஆறுமுனைக் கம்பியிடம் கார்டு கேட்கக்கூடியதோ 75 வாட். மிகுதிச் சுமை முனையை உருக்கித் தீயும் விளைக்கக் கூடும். எல்லோரும் உறங்கும் அறையில் உள்ள யந்திரத்திற்கு இவ்விணைப்பைப் பொருத்தலாகாது.

பிராசசர்:— இதனை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. நம் மதர்போர்டில் அதே தலைமுறையின் கோர் ஐ7-4790 (2014) பொருந்தும். கோர்கள் நான்கேயாயினும் ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளை ஒருங்கே ஏற்கும். வேகமும் சிறிது மிகுதி. மேற்கூறிய சோதனையில் சமையற்காரனே குற்றவாளியெனக் கண்டாலன்றி இதற்குச் செலவிட வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்ட பிராசசர் வேண்டுமாயின் மதர்போர்டும் ராமும் கூடவே மாறவேண்டும். அது பழையதைத் திருத்துவதன்று, புதியது வாங்குவதேயாம். எல்லா யந்திரங்களின் நிலையும் இவ்வாறன்று. ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஏ.எம்.4 வகை மதர்போர்டை 2017-ஆம் ஆண்டில் வாங்கியோர், அதன் உள்நிரலாகிய பயாஸைப் புதுப்பித்து 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசென் 7 5800 எக்ஸ் 3டி என்னும் சிறந்த பிராசசரையும் பெரும்பாலும் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் பயாஸ் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் மதர்போர்டு செயலற்றுப் போகக் கூடும், யு.பி.எஸ். துணையோடு செய்க.

திரை:— பலரும் மறப்பது இது. சாதாரணத் திரை விநாடிக்கு 60 படங்களையே காட்டும். யந்திரம் நூறு வரைந்தாலும் திரை காட்டுவது அறுபதே. அலுவலகத் திரைகளில் 1600 பெருக்கல் 900 அளவுள்ளவை பல. அவற்றில் 14,40,000 புள்ளிகளே உள்ளன. சிறிய திரை சிறிய கார்டிற்கு நண்பன். அதனை மாற்றினால் கார்டின் சுமையும் கூடும்.

இனி எல்லைகளைக் கூறல் வேண்டும். மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் போன்ற விளையாட்டுக்களும், 2015-ஆம் ஆண்டை ஒட்டி வந்த பெரிய விளையாட்டுக்கள் பலவும் இவ்வாறு திருத்திய யந்திரத்தில் இனிது ஓடும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்டு தி கிரேட் சர்க்கிள் போன்றவை ஒளிக்கதிர்க் கணக்கிற்குரிய தனியுறுப்புள்ள கார்டின்றித் தொடங்கவும் மாட்டா. நினைவிடமும் மிகுதியாகக் கேட்பன. ஏ.வி.எக்ஸ். 2 என்னும் கட்டளைத் தொகுதி இல்லாத பிராசசரில் சில புதிய விளையாட்டுக்கள் திறவா. இன்டெல் பிராசசர்களில் அத்தொகுதி 2013-ஆம் ஆண்டின் நான்காந் தலைமுறையில்தான் தொடங்கிற்று. ஆகவே மூன்றாந் தலைமுறை யந்திரத்திற்குப் பெருஞ்செலவு செய்வோர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

மற்றோர் எல்லை இயங்குமுறையைச் சார்ந்தது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டனர். 2021-இல் வந்த விண்டோஸ் 11 சில விலக்குகள் நீங்கலாக எட்டாந் தலைமுறை இன்டெல் பிராசசரையும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் விதிக்கின்றது. நம் யந்திரம் அவ்விதிக்கு வெளியே நிற்பது. விளையாட்டு மட்டுமாயின் பெரிதன்று. அதே யந்திரத்தில் தந்தையார் பாங்குக் கணக்குப் பார்ப்பதும், தங்கை பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்புவதும் உண்டாயின், பாதுகாப்புத் திருத்தம் பெறாத இயங்குமுறை குடும்பத்திற்கே ஆபத்து. இதற்கு லினக்ஸ் ஒரு வழி. அது விலையின்றிக் கிடைப்பது. பழைய யந்திரங்களையும் ஆதரிப்பது. வால்வ் நிறுவனத்தார் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட புரோட்டான் என்னும் கருவியினால் விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டுக்கள் மிகப்பல லினக்ஸிலும் ஓடுகின்றன. மோசடி தடுக்கும் காவல் நிரல் உடைய வேலரண்ட் போன்ற சில ஓடுவதில்லை. தாம் விரும்பும் விளையாட்டு எவ்வகையைச் சார்ந்ததென முதலில் அறிந்துகொண்டு பின் முடிவு செய்க.

எங்கே நிறுத்துவது என்னும் வினாவிற்கு நாம் கூறும் விடை இது. வாங்கும் பொருளை அடுத்த யந்திரத்திற்கும் கொண்டுசெல்லக் கூடுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்க. எஸ்.எஸ்.டி.யும் கிராபிக்ஸ் கார்டும் நாளை வேறு யந்திரத்திற்குக் குடிபெயரும். அவற்றில் இட்ட பணம் முழுதும் அழிவதில்லை. டி.டி.ஆர். 3 ராமும் நான்காந் தலைமுறைப் பிராசசரும் இந்த யந்திரத்தோடே முடிவன. அவற்றை மறுவிலையில் மிக மலிவாகக் கிடைத்தாலன்றி வாங்கற்க. எல்லாச் செலவையும் கூட்டிப் பார்க்க, மூன்று நான்கு ஆண்டே பழகிய மற்றொரு யந்திரத்தின் விலையிற் பாதியை அது தாண்டுமாயின், கைநிறுத்திப் பணத்தைச் சேர்த்துவைத்தலே அறிவு.

திருத்திப் பயன்படுத்துதல் நம் பைக்கு மாத்திரம் நன்மையன்று. ஐக்கிய நாடுகளின் துணையோடு வெளியான அறிக்கையின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்சாதனக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மீட்கப்பட்டது நூற்றுக்கு 22 பங்கை ஒட்டியதே. எஞ்சியதில் ஈயம் முதலிய நஞ்சுகள் மண்ணிலும் நீரிலும் கலக்கக் கூடியவை. ஒரு யந்திரத்தை இன்னும் நான்காண்டு உழைக்கச் செய்பவன் அக்குப்பைமேட்டில் தன் பங்கைத் தள்ளிவைக்கின்றான்.

ஆகவே முதலில் அளக்க, பின்னர்த் தூசி துடைக்க, அதன்பின் எஸ்.எஸ்.டி.; அதன்பின் ராம்; மின்சாரக் கணக்குப் பார்த்தபின் கார்டு; தவிர்க்க முடியாதபோது மட்டும் பிராசசர். இவ்வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒருமுறை விளையாடிப் பார்த்து, போதுமெனத் தோன்றியவுடனே நின்றுவிடலாம். பலர்க்கு இரண்டாம் மூன்றாம் படியிலேயே மனம் நிறைவெய்தும். சோதனைச்சாலையில் நாம் கற்கும் முறையும் இதுவேயன்றோ? ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மாறியது என்னவென்று குறித்துக்கொள்ளும் பழக்கம் வீட்டு மேசையின்மேலும் பயன்தரும் என்பதை மாணவ நண்பர்கள் தாமே செய்து காண்பாராக.